பியானோவுக்குக் கழற்றிய சப்பாத்து

“கரிகாலன், வயது ஐம்பத்தாறு. தொழில்: உணவகத்தில் பாத்திரம் கழுவுதல். பொழுதுபோக்கு: இல்லை. கலை ஈடுபாடு: இல்லை. பொது இடங்களில் பிறரோடு பழகும் வழக்கம்: இல்லை.”

குடியுரிமை விண்ணப்பத்தோடு போன விவரத்தாள் இப்படிச் சொல்கிறது. இதைப் பிரெஞ்சு அரசாங்கம் எழுதவில்லை. பாரிஸின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், தொலைபேசிக் கடை ஒன்றின் பின்மேசையிலிருந்து ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தில்லையம்பலம் எழுதினார்.

“ஸ்டேசனிலை பியானோ வாசிக்கிறனான் எண்டு போடுவமோ?” என்று கரிகாலன் கேட்டுப் பார்த்தார்.

“அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? வேலைவெட்டி இல்லாமல் ஸ்டேசனிலை சுத்துற ஆள் எண்டு நினைப்பாங்கள். இல்லையெண்டு போட்டால் கேள்வியும் இல்லை. நேர்முகம் முடியுமட்டும் பொலிஸ்காரன்ரை கொப்பியிலை உங்கடை பேர் ஏறாமல் பாருங்கோ. அது போதும்.”

இது மூன்றாவது விண்ணப்பம். முதல் இரண்டும் திரும்பி வந்துவிட்டன. “இதுவும் திரும்பினால் நீங்கள் தனியத்தான் வரிசையிலை நிக்கோணும். என்ரை முழங்கால் வராது” என்று புறநகர் ஸ்தேனில் உள்ள வீட்டில் மனைவி சாரதாதேவி முன்கூட்டியே அறிவித்திருந்தார். நேர்முகம் அடுத்த செவ்வாய்க்கிழமை.

பொழுதுபோக்கே இல்லாத அந்த மனிதர், மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவே கிடைக்கும் மூன்று மணிநேர இடைவெளியில், நாள் தவறாமல், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் பக்கத்துப் பெரிய ரயில் நிலையத்துக்கு நடந்துபோவார். அங்கே யாரும் வாசிக்கலாம் என்று ஒரு பியானோ கிடக்கிறது. அதற்கு விதி எதுவும் எழுதி ஒட்டப்படவில்லை. அதனாலேயே எல்லோரும் ஒழுங்காக இருக்கிறார்கள். காத்திருப்பவர் இடப்பக்கம் நிற்க வேண்டும். கால் மணிநேரத்துக்கு மேல் ஆசனத்தைப் பிடித்து வைக்கக் கூடாது. மூடிமேல் கோப்பிக் குவளை வைத்தால் கொலைக்குற்றம். சின்னப்பிள்ளை வந்து ஒற்றை விரலால் தட்டினால் பெரிய வித்துவானும் எழும்பி இடம் கொடுப்பார். கைத்தொலைபேசியை முக்காலியில் நிறுத்தித் தன்னையே படம் பிடிக்கும் ஆசாமிகள் முக்கால் மணிநேரம் நகராதபோது, கரிகாலன் போய் அவர்களுடைய படத்துக்குள் பேசாமல் நிற்பார். ஐந்து நிமிடத்தில் ஆசனம் காலியாகும்.

விதிகளில் இத்தனை கண்டிப்பானவர் வாசிப்பில் அப்படியொன்றும் பெரியவர் அல்லர். கறுப்புக் கட்டைகளை மட்டுமே தொடுவார். அந்த ஐந்தில் மோகனம் முழுதாகக் கிடைத்துவிடுகிறது, வேறென்ன வேண்டும்?

“வெள்ளைக் கட்டைகள் உமக்கு என்ன துரோகம் செய்தன?” என்று கிரிகோரி பிரெஞ்சில் கேட்பான்.

“அதுகளை உனக்கு விட்டு வைத்திருக்கிறேன்” என்பார் இவர், தன் சமையலறைப் பிரெஞ்சில்.

கிரிகோரிக்கு நாற்பது வயது. இரவுக்கு எந்த விடுதியில் இடம் கிடைக்கிறதோ அங்கே படுப்பான். உடைமை முழுவதும் ஒரே முதுகுப்பையில். அந்த நிலையத்தில் அவனைப்போல வாசிப்பவர் வேறு யாருமில்லை. ஒருமுறை காவலரோடு வாய்த்தர்க்கப்பட்டு, இன்னொரு முறைப்பாடு வந்தால் நிலையத்துக்குள் கால்வைக்க முடியாது என்ற எச்சரிக்கையையும் வாங்கி வைத்திருந்தான். அவனுக்கு இருந்த பியானோ அது ஒன்றுதான்.

கரிகாலனுக்குச் சொந்தமாகவும் ஒரு விதி உண்டு. வாத்தியத்தைச் சப்பாத்துக் காலோடு தொடமாட்டார். சப்பாத்தை வாத்தியத்துக்குப் பக்கத்திலும் வைக்கமாட்டார். மரக்கறிக் கடைப் பையில் போட்டு, இருபது அடி தள்ளி, தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து, கட்டைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருவார். பாரிஸ் ரயில் நிலையத்தில் ஆளில்லாத பை என்றால் வெடிகுண்டுச் சந்தேகம் என்பது, ‘பைகளை விட்டுச் செல்லாதீர்கள்’ என்ற அறிவிப்பை இருபத்துநான்கு வருடமாகத் தினமும் கேட்டவருக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. அறிவிப்பு பைகளைப் பற்றியது. இது சப்பாத்து.

அந்த வியாழக்கிழமை, இசைக்கல்லூரி மாணவி ஆரெலி அந்தக் கறுப்புக் கட்டை ராகத்தைக் காட்டச் சொன்னாள். பெருமையில் கால் மணிநேரம் அரை மணிநேரமானது. இடப்பக்கம் காத்திருந்த கிரிகோரி அலுத்துப்போய் நகர்ந்து, அந்தத் தூணில் சாய்ந்து நின்றான்.

திடீரென்று காவலர்கள் ஓடி வந்தார்கள். எல்லோரும் வெளியே, வெளியே! ஐந்து நிமிடத்தில் மண்டபம் காலி. சிவப்பு வெள்ளை நாடா கட்டியாயிற்று. ரயில்கள் நின்றன. பெட்டிகளோடு நூற்றுக்கணக்கானவர்கள் வாசலில் முணுமுணுத்தார்கள்.

“எந்த மடையன் பையை விட்டிட்டுப் போனவனோ!” என்று கரிகாலனும் வாய்விட்டுத் திட்டினார். பிறகுதான் கால் குளிர்ந்தது. குனிந்து பார்த்தார்: காலுறை மட்டும்.

கண்ணாடிக்கு அப்பால் மோப்ப நாய் தூணடிக்கு வந்தது. ஆறு வருடம் வெங்காயத் தண்ணீரில் ஊறிய அந்தச் சப்பாத்தை முகர்ந்துவிட்டு, மனம் நொந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெடிகுண்டு இல்லை. ஆனால் இத்தனை ரயிலை நிறுத்தியதற்கு ஒரு பெயர் வேண்டுமே. தூணில் சாய்ந்து நின்றவனை ஒரு பெண் காவலர் ஞாபகம் வைத்திருந்தார். இரண்டு பேர் கிரிகோரியை நாடாவுக்கு உள்ளே கூட்டிப்போய், முதுகுப்பையைக் கவிழ்த்தார்கள். துவாய், போத்தல், கட்டுக்கட்டாய் இசைத்தாள்கள் தரையில் பரவின.

“என்னுடையதில்லை. என் காலில் சப்பாத்து இருக்கிறதே, பாருங்கள்!” என்று அவன் கத்தினான்.

“ஒரு மனிதனிடம் இரண்டு சோடி இருக்கக்கூடாதா?” என்றார் பெண் காவலர். அவர் கையில் குறிப்பேடு திறந்திருந்தது.

கிரிகோரி ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தான். கரிகாலனின் காலையும் பார்த்தான். அந்தப் பை யாருடையது என்று அவனுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் கரிகாலனுக்கு லேசாக இருந்திருக்கும்.

நிலக்கீழ் ரயிலுக்கு இறங்கும் படி ஐம்பது அடியில் இருந்தது. காலுறையோடு போனால் பாரிஸில் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். அவர் தில்லையம்பலத்துக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னார்.

“அண்ணை, இஞ்சை பாருங்கோ, நீங்கள் அங்கை நிக்கவே இல்லை. விளங்குதே? பேசாமல் வீட்டை போங்கோ.”

“ஓம்” என்றார் கரிகாலன். தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டார்.

பிறகு நாடாவுக்குக் கீழே குனிந்து உள்ளே போய், அந்தப் பை தன்னுடையது என்று சொல்லி, தன் முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பெண் காவலரின் குறிப்பேட்டில் எழுதுவித்தார்.