கப்பலை முந்திய கடிதம்

ஆகாயத் தபால் வந்த புதிதில் என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. பறந்து வந்தது என்னவோ இவர்தான் என்பதுபோல் பேசுவார். நாகப்பட்டினத்துக் கப்பல் பினாங்கைத் தொட்டு, எங்கள் பக்கத்துத் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாம் வந்து சேர எட்டு நாள். கப்பல் கிளம்பும்வரை கடிதம் அங்கே காத்துக் கிடப்பது தனி. ரயிலில் கல்கத்தா போய் விமானம் ஏறும் கடிதமோ ஆறே நாளில் நாங்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வந்துவிடும். "கடலே சுருங்கிப்போச்சு, பாத்தியா" என்பார். சுருங்கினால் எனக்கென்ன? என் நான்கு வயது மகள் அந்தக் கரையில் இருந்தாள்.

இங்கே குளிர்காய்ச்சலில் இரண்டு முறை பிழைத்தவள் அவள். ஊருக்குப் போயிருந்தபோது அம்மா, "புள்ளைய எங்கிட்ட உட்டுட்டுப் போ, நான் இருக்கேன்ல" என்றாள். விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அண்ணனிடமிருந்து ஆகாயத் தபால் வந்தது. மெல்லிய தாளில் நாலே வரி. 'அடக்கம் நல்லபடியாக முடிந்தது. தந்தி அடித்தால் மிரண்டுபோவாய் என்றுதான் போன வாரம் கப்பல் தபாலில் விவரமாக எழுதினேன். கிடைத்திருக்கும். அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நம் கையில் என்ன இருக்கிறது.'

அந்த விவரக் கடிதம் இன்னும் கடலில் இருந்தது. ஊர் வீட்டில் இருந்ததோ மூன்றே பேர்: அண்ணன், அம்மா, என் மகள். எழுதியவன் அண்ணன்.

சாவு காதில் விழுந்தால் தலை முழுக வேண்டும். யாருக்காக முழுகுவது? வாளித் தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன். "ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தானே, எதுக்கும் முளுவிடு" என்றாள் அடுத்த வீட்டு அக்கா. முழுகினால் என் பிள்ளை செத்தது உறுதியாகிவிடும் என்று பயம். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

"தந்தி அடிச்சிடட்டுமா? நாளைக்கே தெரிஞ்சிடும்" என்றார் அவர்.

"வேணாங்க" என்றேன். நாளைக்கே தெரிந்துவிடுமே என்றுதான் எனக்கு நடுக்கம். கப்பல் வர இன்னும் நாலைந்து நாள் இருந்தது. அதுவரைக்குமாவது அவள் உயிரோடு இருப்பாள். பைத்தியக்காரத்தனம்தான்.

விளக்கேற்றவில்லை. சோறு இறங்கவில்லை. துறைமுகத்திலிருந்து கிள்ளான் வழியாக வரும் ரயில் ஊதினால் காதைப் பொத்திக்கொள்வேன், தபால் பை அதில்தான் வரும். மூன்றாம் நாள் மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது என் உதடு தானாக அசைந்தது. அம்மாவாக இருக்கட்டும். சொல்லிவிட்டுத் திடுக்கிட்டேன். பிறகு கூச்சமும் விட்டுப்போயிற்று. அம்மாவாகவே இருக்கட்டும், அம்மாவாகவே இருக்கட்டும் என்று நாள் முழுக்க வேண்டிக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு மகளா என்று காறித் துப்புவதானால் துப்புங்கள்.

ஐந்தாம் நாள் பகல் தபாலாபீஸிலேயே கடிதத்தை வாங்கிக்கொண்டு அவர் ஓடி வந்தார். வாசலிலேயே பிரித்தார். எதையும் நிதானமாகப் படிக்கிற மனிதர், அன்று கண்ணை மேலும் கீழும் ஓட்டித் தேடினார்.

"உங்கம்மா" என்றார். "புள்ளைக்கு ஒண்ணுமில்ல."

"அப்பாடா" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் அந்த வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் செத்துப்போனாள் என்று கேட்டதும் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.