இடது கால் வைத்தியம்

நான் பிறக்கும்போது கால்தான் முதலில் வெளியே வந்தது. இதில் என் திறமை ஒன்றும் இல்லை. தாம்பரத்தில் ஒரு நர்ஸம்மா பாடுபட்டு என்னை இழுத்துப் போட்டதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் அப்படிப் பிறந்தவர்கள் காலால் மூன்று முறை தடவினால் சுளுக்கு விட்டுவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. படிக்காத ஜனங்கள்தான் இதையெல்லாம் நம்புவார்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மேடவாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோன பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்க்கிறவர்கள். வாரத்தில் ஐந்து நாள் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு கிடப்பார்கள். சனிக்கிழமை காலையில் கையைக் காலை நீட்டி மடக்காமல்கூட நேரே பேட்மிண்டன் ஆட இறங்கி, நாட்டுக்கே பதக்கம் வாங்கித் தரப்போவதுபோல் குதிப்பார்கள். பாதம் உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும். உடனே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மருத்துவ மாநாடு தொடங்கிவிடும். ஒருவர் சுடுதண்ணீரில் உப்பு போட்டு ஊற்றச் சொல்வார். இன்னொருவர் எண்ணெய் போட்டு அழுத்தி உருவச் சொல்வார். மூன்றாமவர், "விரலை அசைக்க முடியுதா? அப்போ ஃப்ராக்சர் இல்ல" என்று தீர்ப்பு எழுதுவார். அதற்கு இருபது பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். எலும்பு உடைந்தவனாலும் விரலை அசைக்க முடியும் என்பது அந்த இருபது பேரில் ஒருவருக்கும் தெரியாது.

என் பிறப்பு ரகசியத்தை இவர்களிடம் உளறியவர் என் கணவர். பொங்கல் விழாவில் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமையே சங்கச் செயலாளர் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். கணுக்கால் கொழுக்கட்டைபோல் வீங்கியிருந்தது.

"மேடம், நீங்க கால் முதல்ல வந்து பிறந்தவங்களாமே? ஒரே ஒரு தடவ ட்ரை பண்ணிப் பாக்கலாம். சைடு எஃபெக்ட் ஒண்ணும் கிடையாதே?"

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவள். போய் டாக்டரைப் பாருங்கள் என்று கதவைச் சாத்தியிருக்க வேண்டும். ஆனால் முந்தைய மாதம்தான் இந்த மனிதர் என் ஸ்கூட்டி பார்க்கிங் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்று படம் எடுத்துக் குழுவில் போட்டிருந்தார். வேறு யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இங்கே ஆள் தானாகவே வந்து உட்கார்ந்து, மிதியுங்கள் என்கிறார். விட மனசு வரவில்லை.

இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தடவிவிடவில்லை. பள்ளியில் ஒருமுறை முதலுதவிப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது, சனிக்கிழமையை விட்டுக்கொடுக்க வேறு யாரும் இல்லாததால் என்னை அனுப்பியிருந்தார்கள். அங்கே வந்த டாக்டரம்மா கணுக்காலுக்கு இரண்டே சோதனைகள் சொல்லிக்கொடுத்தார். கணுக்காலின் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்திப் பார்க்க வேண்டும். அப்புறம் நான்கு அடி நடக்கச் சொல்ல வேண்டும். எலும்பின் மேலேயே வலித்தாலும் சரி, நான்கு அடி வைக்க முடியாவிட்டாலும் சரி, இரண்டில் ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே. நான் செயலாளரின் எலும்பைக் கால் கட்டைவிரலாலேயே அழுத்திப் பார்த்தேன். அங்கே வலியில்லை என்றார். நடக்கச் சொன்னேன். நடந்தார். அப்புறம்தான் ஏதோ மந்திரம் முணுமுணுப்பவள்போல் வாயை அசைத்துக்கொண்டு இடது காலால் மூன்று தடவை தடவினேன். துணியில் சுற்றிய ஐஸைக் கால் மணி நேரம், ஒரு நாளைக்கு நாலைந்து முறை வையுங்கள், கிரேப் பேண்டேஜ் சுற்றி தலையணை மேல் காலைத் தூக்கி வையுங்கள், ரெண்டு நாளைக்கு எண்ணெயும் வேண்டாம் சுடுதண்ணீரும் வேண்டாம் என்றேன்.

பத்து நாளில் நடமாடினார். ஐஸுக்கு ஒரு நன்றியும் கிடைக்கவில்லை. பெயர் முழுக்க என் இடது காலுக்கு.

அப்புறம் வரிசை கட்டி வந்தார்கள். ரிசப்ஷனில் ஹை ஹீல்ஸோடு ஆடியவள், நாயோடு நடக்கப்போய் நாய் இழுத்து விழுந்தவர், மறைமலை நகர் கார் கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிற ஒரு மேலாளர். அவர் போல்ட் நட்டை எல்லாம் மூன்று கருவிகள் வைத்து அளப்பாராம். சொந்தக் காலுக்கு என் கால் போதும் என்றார். இரண்டு பேருக்கு எலும்பில் வலி இருந்தது. "இது என் காலுக்குக் கட்டுப்படாது, எக்ஸ்ரே எடுங்க" என்று அனுப்பிவைத்தேன். எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்ததும் என் மவுசு இன்னும் ஏறிப்போனது. இவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். ஆனாலும் அவர்கள் என் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் அதே பிளாக்கில் இன்னும் நாலு வீட்டிலும் வேலை செய்கிறவள் ஒருத்தி. பெரும்பாக்கத்திலிருந்து காலை ஆறரைக்கெல்லாம் வந்துவிடுவாள். ஒரு நாள் பத்து நிமிஷம் தாமதமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். வேலைக்கு வருகிறவர்களுக்கென்று எங்கள் பெரிய மனிதர்கள் ஒதுக்கியிருந்த லிஃப்ட் அன்று பழுது. மூன்று மாடியும் ஏறி வந்திருந்தாள்.

"தண்ணி லாரி ஓஸு ஒழுகிக்கினே கீதுக்கா. கேட்டாண்ட வழுக்கிடுச்சு. கொஞ்சம் உன் காலால தடவி வுடேன்."

நான் ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும். முந்தின நாள் விருந்தாளிகள் சாப்பிட்ட பாத்திரம் தொட்டி நிறையக் கிடந்தது. டிபன் பாக்ஸைக் கையில் பிடித்தபடியே, குனிந்துகூடப் பார்க்காமல், மூன்று தடவை தடவினேன். மூன்று மாடி ஏறியவளுக்கு எலும்பில் என்ன இருக்கப்போகிறது?

"விரல அசைச்சுப் பாரு."

அசைத்தாள்.

"ஒண்ணும் இல்ல, சுளுக்குதான். பாத்திரத்த முடிச்சுட்டுப் போ."

வாட்ஸ்அப் குழுவில் யாரைப் பார்த்துச் சிரித்தேனோ, அவர் வாக்கியத்தையே அவளுக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. செயலாளருக்குச் செய்த இரண்டு சோதனையில் ஒன்றைக்கூட இவளுக்குச் செய்யவில்லை. ஐஸ் வை என்றுகூடச் சொல்லவில்லை. ஐஸ் வைத்துக் காலைத் தூக்கிப் போட்டுப் படுத்தால் அஞ்சு வீட்டுப் பாத்திரம் யார் கழுவுவது?

ஒன்பது நாள் நொண்டிக்கொண்டே வந்தாள். தினமும் காலை நீட்டினாள், தினமும் தடவினேன். கணுக்காலில் கன்றியிருந்த நீலம் பாதம் வரைக்கும் இறங்கியது. "இறங்குதுன்னா ஆறுதுன்னு அர்த்தம்" என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன். பத்தாம் நாள் வரவில்லை. கோபத்தோடு போன் செய்தேன். அவள் மகள் எடுத்தாள்.

"ஆஸ்பத்திரில கீறோம் ஆன்ட்டி. எலும்பு ஒடஞ்சி கீதாம். மொத நாளே வந்திருந்தா மாவுக்கட்டோட போயிருக்குமாம். நடந்து நடந்து வெலகிடுச்சாம். பிளேட்டு வெக்கணும்ன்றாங்க."

அன்று சாயங்காலத்துக்குள் மற்ற நாலு வீட்டிலும் வேறு ஆள் பிடித்துவிட்டார்கள். குழுவில் செயலாளர் எழுதினார்: "மேடம் காலுக்கே கட்டுப்படலன்னா கேஸ் சீரியஸ்தான்." என்னைக் குற்றம் சொல்ல ஒரு ஜீவனுக்கும் தோன்றவில்லை. அவ்வளவு படிப்பும் எதற்கு என்று எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில் என் படிப்பையும் சேர்த்துக்கொண்டேன். அன்றோடு யாருக்கும் கால் தடவுவதில்லை.

ஐந்து மாதம் கழித்து அவள் வந்தாள். நடையில் ஒரு சாய்வு நிரந்தரமாக விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது எங்கள் வீடு மட்டும்தான். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, தையல் தழும்போடு காலை நீட்டினாள்.

"மழ வந்தா குத்துதுக்கா. தடவி வுடு. அந்த ஒம்போது நாளும் உன் காலு புண்ணியத்துலதான் நடந்தேன்."

என் காலைத் தூக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெளிப்பக்கத்து எலும்பின் பின்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

"இங்க வலிக்குதா?"

"இப்ப இல்லக்கா. அன்னிக்கு அந்த எடத்துலதான் உயிரே போச்சு" என்றாள். "சொல்லலாம்னுதான் பாத்தேன். நீ டிபன் பாக்ஸோட நின்னுகினு இருந்தே. ஒனக்கு லேட்டாயிடுமேன்னு வுட்டுட்டேன்."