வெட்டு தெரியாத வாக்கியம்

அன்புக்கரசி அக்கா டவுன்ஷிப்பை விட்டுப் போனது மாசி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்கு. கணவர் துரைராஜ் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்ததால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மினி லாரியில் கட்டில், பீரோ, கடைசியாக மெத்தையில் சுற்றிய கம்ப்யூட்டர் ஏறின. ஓசூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் பயணம். என் கையில் ஒரு பென்டிரைவை வைத்து, "படம் முடிஞ்சுது சத்யா, பாத்துக்கோ" என்றார். இன்னும் ஒரு வாரம் அவகாசம் இருந்ததே, ஏன் இந்த அவசரம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் தோன்றியது.

படம் என்பது பதினெட்டு நிமிட நேர்காணல். வளையமாதேவி கிராமத்து விவசாயி வைத்திலிங்கம், சுரங்கத்துக்குப் போன தன் நிலத்தைப் பற்றிப் பேசுகிறார். ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பிய நான், ஒரே கேமராவை வைத்து எடுத்தது. தெருவில் நிலத்தைக் கொடுக்க முதலில் கையெழுத்துப் போட்டு மற்றவர்களை மாட்டிவிட்டவர் வைத்திலிங்கம்தான் என்று அவருடைய பங்காளி நெடுமாறன் பரப்பியிருந்தார். அதனால் வைத்திலிங்கத்தின் மகள் தமிழ்நிலாவின் வளைகாப்பில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. தன் வாயாலேயே மறுக்க வேண்டும் என்றுதான் வைத்திலிங்கம் கேமரா முன் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் தெருவிலேயே திரை கட்டிப் போடுவதாக ஏற்பாடு.

அக்கா இருபது வருடமாகக் கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்தவர். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில், பிறர் நிலத்தில் நடவு நட்ட குடும்பம். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி டவுன்ஷிப்புக்கு வந்தார். நைட் ஷிப்ட் முடித்த துரைராஜ் பகலெல்லாம் தூங்குவார். வீட்டில் பாத்திரச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. சத்தமில்லாமல் செய்யக்கூடிய வேலையாக இதைப் பிடித்துக்கொண்டு, ஹெட்போன் மாட்டி உட்கார்ந்துவிட்டார். மெயின் பஜார் ஸ்டுடியோக்காரர் ஹரி கேசட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்.

என் பதிவை முதல்முறை பார்த்ததும் அக்கா ஹெட்போனைக் கழற்றினார்.

"ஒரே கேமரா. நடுவுல வெட்டினா ஆளு தலை டக்குனு குதிக்கும். கைய தனியா எடுத்தியா?"

"இல்லக்கா."

"வாசல், சைக்கிள், கட்டின மாடு?"

"இல்ல."

"ஆறு வருஷம் சுத்தி என்னத்த எடுத்த? உன் பாஸ்போர்ட்டையா?"

மறுபடி போய் வைத்திலிங்கத்தின் கைகளை எடுத்து வந்தேன். யாரும் பேசாத அறையின் சத்தத்தையும் ஒரு நிமிடம் பதிவு செய்யச் சொன்னார். வெட்டிய இடத்தில் அதைப் போட்டு நிரப்பாவிட்டால் காதுக்குப் பள்ளம் தெரியுமாம். பேச்சு வெட்டுப்படும் இடத்தில் திரையில் கைகள் வரும், குரல் மட்டும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். கைகள் பொருந்தாத இடத்தில் முகத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவார், இன்னொரு கேமரா இருந்ததுபோலத் தோன்றும். எங்கே வெட்டினார் என்று எடுத்த எனக்கே தெரியாது.

அந்தச் செவ்வாய் சாயங்காலம் வைத்திலிங்கம் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். பதினோராவது நிமிடம், திரையில் அவர் கைகள், பின்னால் அவர் குரல்: "நாந்தான் மொதல்ல கையெழுத்து போட்டேன்."

"இத நானா சொன்னேன்?" என்றார் வைத்திலிங்கம். தமிழ்நிலா எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள்.

மூலப் பதிவைத் தேடி ஓட்டினேன். "நாந்தான் மொதல்ல கையெழுத்து போட்டேன்னு ஊரு பூரா சொல்லிக்கினு திரியறான் என் பங்காளி." வால் முழுக்கப் போயிருந்தது. நம் மொழியில் வாக்கியத்தின் கடைசியைத் தட்டிவிட்டால் போதும், எதிராளியின் சொல் நம் வாய்க்கு வந்துவிடும்.

அக்காவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஹரியிடம் போய்க் கேட்டேன்.

"துரைராஜ் சாருக்கு ஓசூர்ல ஏதோ கான்ட்ராக்டர்கிட்ட சூப்பர்வைசர் வேலையாம். அந்த கான்ட்ராக்டர் யாருக்கு வேண்டியவர்னு என் வாயால சொல்ல மாட்டேம்மா."

நெடுமாறனுக்கு வேண்டியவரோ, சுரங்கத்துக்கு வேண்டியவரோ என்று நினைத்தேன். அதன்பிறகு படத்தில் கைகள் வந்த இடமெல்லாம் எனக்கு எதையோ மூடிய துணியாகத் தெரிந்தது. ஒவ்வொன்றாக மூலப் பதிவோடு ஒப்பிட்டேன். வேறெங்கும் பொருள் மாறவில்லை. அதுவும் சந்தேகத்தைக் கூட்டியது. இத்தனையில் இந்த ஒரு வாக்கியம் மட்டும் எப்படி? "யாருக்காக வெட்டினீங்க?" என்று அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. படித்துவிட்டார்.

வாலை நானே திரும்ப ஒட்டினேன். மறைக்கப் பிடிக்காமல் கைகளையும் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தெருவில் அந்த இடம் வந்ததும் வைத்திலிங்கத்தின் தலை குதித்தது.

"இன்னா வைத்தி, கழுத்து சுளுக்கா?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து நெடுமாறன், "வெட்டி ஒட்டிக்கினு வந்து காட்டறாங்க. நடுவுல இன்னாத்த மறைச்சாங்களோ!" என்றார். சிரிப்பு நின்றது.

வைத்திலிங்கம் எழுந்தார். "முழுசா போடும்மா. இருமினது, தண்ணி குடிச்சது, எல்லாம்."

வெட்டாத ஒரு மணி பத்து நிமிடத்தையும் ஓட்டினேன். பாதிப் பேர் எழுந்து போனார்கள். இருந்தவர்கள் கேட்டார்கள். அடுத்த வாரம் இரண்டு வீட்டுக்காரர்கள் அவர் வாசலுக்கு வந்து பேசினார்கள். மற்றவர்கள் வரவில்லை.

ஐப்பசியில், எட்டு மாதம் கழித்து, அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. டவுன்ஷிப்பில் நான் கேட்டேயிராத பேச்சு அது.

"சத்யா, கேசட்டு குடுக்கும்போதே ஹரி சொல்வாரு, பொண்ணு வூட்டு ஆளுங்க வந்துக்கினு, போயிக்கினுன்னு பேசறத எடுத்துடுங்க, குவார்ட்டர்ஸ்காரங்க சிரிப்பாங்கன்னு. எம் பேச்சும் அதான். அப்பலேர்ந்து நானும் மாத்திக்கினேன். காதுல 'கினு' வுழுந்தா கை தானா வெட்டிடும். அன்னிக்கி சாமான் கட்டிக்கினே அண்ணனோட 'சொல்லிக்கினு'வையும் வெட்டினேன், திரும்பக் கேக்கல. அது என் தப்பு. நீ யாருக்காகன்னு கேட்ட பாரு, அதுக்குப் பதில் சொல்ல எனக்கு மனசு வரல. நேத்து வளையமாதேவி போயி வைத்திலிங்கம் அண்ணங்கிட்ட சொன்னேன். நம்பறேன்னாரு. நம்பினாரான்னு தெரியல. தெருவுல நாலு பேரை நிக்க வச்சி, அவங்க முன்னால மறுபடி சொல்லச் சொன்னாரு. சொன்னேன். ஒருத்தரு போன்ல எடுத்துக்கினு இருந்தாரு. அது உங்கிட்ட வந்தா, கடைசி வரைக்கும் கேளு."