சத்தம் வருகிற மவுஸ்

கேம்ப் ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில் நின்று பஸ் ஹாரனைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அன்று நான் மேஜையை அடைத்துக்கொண்டு நின்று, கடைக்காரர் எடுத்துப் போட்ட மவுஸ்களை ஒவ்வொன்றாக இடது கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதைப் பிடித்தாலும் கட்டைவிரலுக்கென்று குழித்து வைத்த இடத்தில் சுண்டுவிரல் போய் உட்கார்ந்தது. ஒன்றில் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள் வேறு இருந்து மோதிர விரலில் இடித்தன.

"இன்னாம்மா, எல்லாத்தையும் பீச்சாங்கையிலயே புடிச்சுப் பாக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு. அவருக்கு வலது கை வராது."

கடைக்காரர் ஒரு பக்கமாக வளைந்த மவுஸ்களையெல்லாம் கையால் வாரி ஓரமாகத் தள்ளினார். இரண்டு கைக்கும் பொதுவான வடிவத்தில் மிஞ்சியவை கொஞ்சம்தான்.

என் கணவருக்குப் போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு கால் மெல்லத் திரும்பி வந்தது. பேச்சும் வந்தது, முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. தோள்வரைக்கும் தூக்குவார். விரல்கள் மட்டும் மூடினது மூடினபடி, யாருடைய கையோ அவர் மடியில் கிடப்பதுபோல் கிடக்கும்.

அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் அது எங்கள் சபையின் பாட்டுதான். ஞாயிறு ஆராதனையில் பாடுகிற பாமாலையும் கீர்த்தனையும் திரையில் வருமில்லையா, அந்த ஸ்லைடுகளை வருஷக்கணக்காக அவர்தான் செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவிய கையோடு உட்கார்ந்துவிடுவார். பல்லவிக்கு ஒரு ஸ்லைடு, சரணத்துக்கு ஒன்று. ஒரு ஒற்று மிகுந்தாலும் பொறுக்கமாட்டார். மறுநாள் சபையே தலைநிமிர்ந்து பாடும்போது, ஏதோ அத்தனை பாட்டையும் இவரே எழுதியதுபோல ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

கை போனபின் கம்ப்யூட்டர் பக்கமே அவர் வரவில்லை. கோயிலுக்கும் வரவில்லை. அதற்குக் காரணம் வேறு. திருவிருந்தில் ஆயர் தருகிற அப்பத்தை வாங்க, இடது கைமேல் வலது கையை வைத்து உள்ளங்கையை விரித்து நீட்ட வேண்டும். அப்படித்தான் சின்ன வயதிலிருந்து பழக்கம். இவருடைய வலது உள்ளங்கை விரியாது. "ஆயர் முன்னாடி போய் பீச்சாங்கைய நீட்டச் சொல்றியா? அது என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டார். ஆயரே வீட்டுக்கு வந்து, எந்தக் கையானாலும் பரவாயில்லை என்று சொல்லிப் பார்த்தார். இவர் தலையைத் தலையை ஆட்டினாரே தவிர, ஞாயிற்றுக்கிழமை வந்ததும் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கூப்பிட எனக்கு மைக் தேவைப்பட்டதில்லை. அப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு கை சும்மா கிடந்தால் விடுவேனா? பிசியோதெரபிக்கு வருகிற பெண் ஒரு ஸ்பாஞ்ச் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தாள். அவள் படி இறங்கியதும் நான் ஆரம்பித்துவிடுவேன். "ஒன்... டூ... ம், அமுக்குங்க! மனசு வெச்சு அமுக்குங்க!" விசில் ஒன்றுதான் ஊதவில்லை.

"நான் என்ன உன் ஸ்கூல் பொண்ணா?" என்று ஒரு நாள் பந்தை இடது கையால் வீசி எறிந்தார். அது உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. நான் வீம்புக்கு அதை எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இருவரும் கையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம்.

அந்தப் பேச்சில்லாத நாட்களில் ஒன்றில்தான் எனக்கு இந்த மவுஸ் யோசனை வந்தது. வலது கை வராவிட்டால் போகட்டும், இடது கைக்குத் தோதாக ஒன்று வாங்கிக் கொடுத்தால் மனுஷர் மறுபடி பாட்டுக்குத் திரும்புவார், பாட்டு அவரைக் கோயிலுக்குக் கூட்டி வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒயர் இழுபடக்கூடாது என்பதால் ஒயர்லெஸ் என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

"இத்த எடுத்துக்கோங்க" என்று கடைக்காரர் ஒன்றை நீட்டினார். "சைலன்ட் மவுஸ். அமுக்குனா சத்தமே வராது. இப்போ எல்லாரும் இத்தான் கேக்குறாங்க."

அமுக்கிப் பார்த்தேன். மெத்தையில் விரலை வைத்ததுபோல் இருந்தது. அமுங்கியதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

"சத்தம் வர்ற மவுஸ் இல்லையா?"

"கீது. ஆனா அது பழைய மாடலும்மா. டிக்கு டிக்குன்னு பேஜாரா இருக்கும்."

"எனக்கு அந்தப் பேஜார்தான் வேணும். அமுக்கினா அமுக்கினேன்னு தெரியணும். அதக் குடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். சாம்பல் நிறத்தில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அடக்கமாக இருந்தது. ஒயருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் செருகும் ரிசீவர் நகத்தளவுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, உள்ளறையில் இருக்கும் கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து ரிசீவரைச் செருகிவிட்டு, மவுஸை அவர் இடது கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முறை அமுக்கினார். டிக் என்றது. முகத்தில் ஏதோ வந்ததுபோல் இருந்தது, அதற்குள் போய்விட்டது.

"ஆண்டவர் பாட்ட பீச்சாங்கையால தள்ளிக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "பிடிக்கலன்னா விடுங்க, நானே செய்துக்கறேன்" என்று மவுஸை அதன் டப்பாவில் போட்டு, ஹாலில் டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைத்தேன். வைத்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், எறிந்தேன். ரிசீவர் ஞாபகமே இல்லை. ஞாபகம் வந்திருந்தாலும் மறுபடி குனிந்து அதைப் பிடுங்க என் முதுகு சம்மதித்திருக்காது.

சொன்னபடி ஸ்லைடு வேலையை நான் கையில் எடுத்தேன், பழைய ஒயர் மவுஸை வைத்துக்கொண்டே. முதல் வாரமே ஒரு பாட்டின் பாதியில் வேறொரு பாட்டின் சரணம் புகுந்து, சபை திருதிருவென்று விழித்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேள்விப்பட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. சனிக்கிழமை உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருப்பேன். திரையில் அம்புக்குறி தானாக ஒரு வெட்டு வெட்டி நகரும். நான் கையைத் தூக்கிவிட்டுப் பார்ப்பேன். கொஞ்ச நேரம் சாதுவாக நிற்கும். மறுபடி நகரும். எழுதிக்கொண்டிருந்த வரியை விட்டுவிட்டு வேறெங்கோ போய் நிற்கும். வைரஸாக இருக்குமோ என்று பயந்தேன். சிரிக்காதீர்கள், ஒரு நாள் மானிட்டர்மேல் கையை வைத்து, கண்ணை மூடி, உருக்கமாக ஜெபமே பண்ணினேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டி திறந்து கிடந்தது.

அதோடு பொறுமை போய்விட்டது. ஒயர் மவுஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கேம்ப் ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, அப்படியும் இப்படியும் ஓட்டினார்.

"மவுஸு நல்லாத்தான் கீதும்மா. ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் இல்ல."

"தானா ஓடுதுங்கறேன், நல்லா இருக்குங்கறீங்களே!"

"இங்க ஓடலயே. நான் இன்னா பண்றது?"

பேய் என் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தேன். இவரிடம் புலம்பினால், "நீ போட்டு அடிக்கிற அடிக்கு அதுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்" என்றார். டி.வி. சத்தம் வேறு காதைக் கிழித்தது. கொஞ்ச நாளாகவே சத்தத்தை ஏற்றி வைக்க ஆரம்பித்திருந்தார். கையோடு காதும் போகிறதோ என்று எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், நான் கீர்த்தனைக்கு ஸ்லைடு செய்து முடித்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, டி.வி. நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் யு.பி.எஸ். தயவில் எரிந்துகொண்டிருந்தது. அது கீச் கீச்சென்று கத்துவதற்கு நடுவில் வீடு அமைதியாகிவிட்டது.

அந்த அமைதியில் ஹாலிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. டிக்.

என் கண்முன்னே திரையில் ஒரு ஃபைல் நிறம் மாறியது. அம்புக்குறி அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தது. மவுஸிலிருந்து என் கை எப்போதோ கீழே இறங்கியிருந்தது.

எழுந்து போய் அறை வாசல் திரைச்சீலையை ஓர் இழை விலக்கினேன். சோபாவில் எனக்குப் பக்கவாட்டில் தெரியும்படி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பரீட்சை அட்டை. அதன்மேல் அந்தச் சாம்பல் நிற மவுஸ். அதன்மேல் அவருடைய கை. இடது கை இல்லை, வலது கை. இடது கையில் ஒரு துண்டைப் பிடித்திருந்தார், நான் வந்தால் போட்டு மூடத் தயாராக. வலது கை ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் வேர்வை. அந்த விரல் ஒரு நடுக்கம் நடுங்கி, இறங்கி, அமுக்கியது.

டிக்.

ரிசீவரை நான் கழற்றியிருப்பேன், இங்கே அமுக்கினால் எங்கேயும் எதுவும் நடக்காது என்றுதான் நினைத்தாராம். பிறகு சொன்னார். பந்து அமுங்கினதா இல்லையா என்று கண்ணுக்குத்தான் தெரிந்தது, இது வாயைத் திறந்து சொன்னது என்றார். நான் கேட்காதிருக்கத்தான் டி.வி.யை அலற விட்டிருக்கிறார்.

அந்த நிமிஷம் எனக்குத் தொண்டைவரை வந்தது என்ன தெரியுமா? "ஒன்... டூ..." என்பதுதான். பழக்கதோஷம். உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் அறைக்குத் திரும்பினேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுகை பொங்கிவிட்டது. இத்தனை நாள் பேய், பிசாசு, வைரஸ் என்று நான் சபித்ததெல்லாம் அந்த விரலைத்தான். எந்த விரலுக்காக ராத்திரி பகலாக மன்றாடினேனோ, அந்த விரல் வாரவாரம் என் கண்முன்னால்தான் நடமாடிக்கொண்டிருந்தது. இந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

யு.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது. அது அணைவதற்குள் செய்ய வேண்டும் என்று, மறுநாள் கீர்த்தனையைத் திரை முழுக்க வரும்படி திறந்து வைத்தேன். பல்லவி வந்து நின்றது; ஒரு டிக்குக்கு ஒரு ஸ்லைடு நகரும். என் கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தேன்.

பல்லவியை ஒரு தடவை பாடினேன். ஸ்லைடு நகரவில்லை. இன்னொரு தடவை பாடினேன். மூன்றாவது தடவை பாதியில் ஹாலில் டிக் என்றது. முதல் சரணம் வந்தது. அதைப் பாடினேன். சரணம் முடிந்து, வந்ததையே திரும்பப் பாடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியே ஒரு விமானம் தாழ்வாகப் போய் அடங்கியது. அப்புறம் விரல் துள்ளியிருக்க வேண்டும். டிக் டிக் என்று ஒட்டிக்கொண்டு இரண்டு கேட்டது. திரையில் இரண்டாம் சரணம் வந்த வேகத்தில் மறைந்து மூன்றாவது வந்து நின்றது. வந்ததைப் பாடுவது என்று முடிவு செய்திருந்தேன், ஆகவே மூன்றாவதைப் பாடினேன்.

"ஏய், நிறுத்து" என்றார் ஹாலிலிருந்து. ஸ்லைடில் ஒற்று மிகுந்தால் வருமே, அதே குரல். "ரெண்டாவது சரணத்த ஏன் விட்ட?"

"நான் விடல. நீங்கதான் ரெண்டு தடவ அமுக்கிட்டீங்க."

யு.பி.எஸ். கத்தியது, நிறுத்தியது, மறுபடி கத்தியது. கோபித்துக்கொள்வாரோ, மவுஸும் அந்தப் பந்துபோல சோபாவுக்கு அடியில் போய்விடுமோ என்று பயந்தேன். எழுந்து ஓடவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"பின்னாடி போ" என்றார் கடைசியில். "ரெண்டாவதுக்குப் போ. நான் திரும்ப அமுக்கறேன். நீ எண்ணாத."

"எண்ணல."

பின்னால் போய் இரண்டாம் சரணத்தை வைத்தேன். முழுதும் பாடி முடித்தேன். எண்ணாமல் காத்திருந்தேன். ஹாலில் அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

டிக். ஒன்றே ஒன்று.

மூன்றாம் சரணம் வந்தது. அதை அவரும் சேர்ந்து பாடினார்.