குக்கர் பரிசு வாங்கிய குற்றம்

ஏப்ரல் மாதத்துப் பெங்களூர் வெயிலில் கம்பளிப் பாவாடை கட்டினால் முதலில் இடுப்பு அரிக்கும், பிறகு தொடை அரிக்கும், பிறகு முழங்கால்வரை இழுத்துவிட்ட கம்பளிக் காலுறைக்குள் வியர்வை இறங்கி, ஆடுகிற பிள்ளை ஆட்டத்தை மறந்துவிட்டு எப்போது சொறியலாம் என்றே யோசித்துக்கொண்டிருக்கும். என் அக்கா ஸ்டெல்லா மட்டும் சொறியமாட்டாள். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஹாலில், சனிக்கிழமைதோறும் ஸ்காட்லாந்து நடன வகுப்பு நடந்தது. கன்டோன்மென்டில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்தில் வந்த ஆட்டம் என்பார்கள். பட்டாளம் போய்விட்டது, ஆட்டத்தை மட்டும் சில கான்வென்டுகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் விடாமல் பிடித்து வைத்திருந்தன. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர் மகளுக்கு இதில் என்ன வேலை என்று எங்கள் தெருவில் கேட்காத ஆளில்லை. அக்காவுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அவளுக்கு உயிர் கத்தி நடனம். இரண்டு வாள்களைத் தரையில் குறுக்காகப் போட்டு, அவற்றுக்கு நடுவே கால்விரல் நுனியில் தாவித் தாவி ஆடவேண்டும். வாளைத் தொட்டால் மதிப்பெண் போகும், அது இடம் மாறிவிட்டால் ஆளே வெளியே. இந்த விதியோடு எனக்குச் சண்டையில்லை, ஆட்டத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. அப்பா தன் பட்டறையில் கழித்துப் போட்ட இரும்புப் பட்டையில் இரண்டு வாள் செய்துகொடுத்திருந்தார். அவற்றைப் போட்டுக்கொண்டு அக்கா மொட்டைமாடியில் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுவாள். கீழ்வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்து நிற்பார்.

எனக்கு ஆத்திரம் வருவது மற்ற விதிகளை நினைத்தால்தான். பாவாடை முழங்காலுக்கு எங்கே நிற்கவேண்டும், கொண்டை எப்படி இருக்கவேண்டும், காதில் என்ன போடக்கூடாது என்று எல்லாவற்றையும் எங்கோ ஒரு குளிர்தேசத்தில் உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். கழுத்தில் கிடந்த மாதா சங்கிலியைக்கூடக் கழற்றவேண்டும். சொல்லிக்கொடுக்கும் டீச்சர் அவர்களிடம் பதிவு செய்திருக்கவேண்டும், நடுவர் அவர்கள் வைத்த பரீட்சையில் தேறியிருக்கவேண்டும், ஆடுகிற பிள்ளைக்கு அவர்கள் கொடுத்த கார்டு இருக்கவேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்ட போட்டியில் ஜெயித்தால்தான் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குப் போகலாம். இதையெல்லாம் இங்கே கவனிக்க ஒரு கமிட்டி வேறு இருந்தது. அம்மா அந்தக் கார்டை "ரேஷன் கார்டு" என்றுதான் சொல்வார். "குதிக்கறதுக்கும் மேலிடத்து உத்தரவு வேணுமாம்மா" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து ஒரு நடுவர் வருவதாக இருந்தது. அவர் முன்னால் ஜெயித்தால் அக்கா மேல் பிரிவுக்குப் போய்விடுவாள். வேறு ஊர்ப் பிள்ளைகளோடு ஆடப் போகலாம், பெரிய மேடை ஏறலாம். அவள் வேறெதையும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட "புது டிரெஸ் வேணாம், அந்த டான்ஸ் ஷூ வாங்கிக் குடுங்கப்பா" என்றுதான் கேட்டாள்.

போட்டிக்குச் சற்று முன்னால் எங்கள் மாதா கோயில் திருவிழா வந்தது. இளைஞர் மன்றத்துப் பையன்கள் நடனப் போட்டி வைத்தார்கள். சினிமாப் பாட்டுக்கு இரண்டு கோஷ்டி, கோலாட்டத்துக்கு ஒரு கோஷ்டி, நடுவில் ஸ்காட்லாந்து வாத்தியமான பேக்பைப் கேசட்டைப் போட்டுவிட்டு என் அக்கா. முதலில் சிரித்த கூட்டம், அவள் வாள்களுக்கு நடுவே கால் வைத்த வேகத்தைப் பார்த்து அப்படியே அடங்கிப்போனது. அவளுடைய டான்ஸ் டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினார். முதல் பரிசாக ஒரு குக்கர். ஃபாதர் அதைக் கையில் கொடுக்க, அக்கா அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். அன்றிரவு எங்கள் வீட்டில் ஒரே கும்மாளம்.

பெரிய போட்டி நாளில் அக்கா இடுப்பில் எண் அட்டை குத்திக்கொண்டு தயாராக நின்றாள். கமிட்டிச் செயலாளராக இருந்த டாரதி ஆன்ட்டி அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டார். நாங்களும் கூடவே போனோம்.

"தப்பா எடுத்துக்காதீங்க அந்தோணி. நம்ம பர்மிஷன் இல்லாத காம்படிஷன்ல ஆடினா அந்த வருஷம் பூரா ஆடக்கூடாது. ரூல் இருக்கு."

"அது கோயில் திருவிழா மேடம்" என்றார் அப்பா. "அதைப் போய் காம்படிஷன்னு சொல்றீங்களே."

"ப்ரைஸ் குடுத்தாங்க இல்ல? சும்மா ஆடியிருந்தா அது ப்ரோக்ராம். ப்ரைஸ் வாங்கிட்டா காம்படிஷன்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "குக்கர்தான மேடம் குடுத்தாங்க? இன்னிக்குக் காலைல அதுலதான் பருப்பு வெச்சேன்."

"அதைத் திருப்பிக் குடுத்துட்டு ஸ்டெல்லா ஒரு சாரி சொல்லட்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"நான் எதுக்கு சாரி சொல்லணும் ஆன்ட்டி?" என்றாள் அக்கா. "நான் நல்லாதான ஆடினேன்?"

முன்வரிசையில் கைதட்டிய டீச்சர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளை ஆடியது தெரிந்தும் சும்மா இருந்தார் என்று வந்தால் அவருடைய பதிவும் போய்விடும், அதுதான் விஷயம். இவர்களுக்கு எதிராக வேறு சங்கங்கள் முளைத்து, கண்டவர்களும் பணம் பிடுங்கிக்கொண்டு போட்டி நடத்தக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இருக்கட்டும், நியாயம்தான். எங்கள் இளைஞர் மன்றத்துப் பையன்களா எதிர்ச் சங்கம் நடத்தினார்கள்? மேடைக்கு வாடகை கொடுக்கவே ஒவ்வொரு வீடாக வசூலுக்கு அலைந்தவர்கள் அவர்கள். ஒரு சின்னப் பெண்ணைத் தடுத்து நிறுத்தி இவர்கள் எந்தக் கலையைக் காப்பாற்றினார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று அப்பா கூப்பிட்டார். அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். முழு உடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்து கடைசி ஆட்டம்வரை பார்த்தாள். ஜெயித்த பிள்ளை வாளை உரசியதை நானே பார்த்தேன். மதிப்பெண் குறைத்த பிறகும் அதுதான் முதலில் வந்தது. வெளிநாட்டு நடுவர் இளநீர் குடித்துக்கொண்டு சிரித்த முகமாக இருந்தார், பாவம், அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்தப் பாவாடையை அம்மாவிடம் கொடுத்து யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குக் கிளம்பவில்லை. "அடுத்த வருஷம் வேற ரூல் சொல்லுவாங்க" என்றதோடு சரி, மறுபடி அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

இப்போது அந்த ஹால் இல்லை, அங்கே அபார்ட்மென்ட் வந்துவிட்டது. டீச்சர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார், டாரதி ஆன்ட்டி கல்லறைக்குப் போய்விட்டார். போன மாதம் ஒரு மெடிக்கல் ஷாப் மாடியிலிருந்து பேக்பைப் சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தேன். அக்காவோடு ஆடிய ஷாரன் செல்போனில் பாட்டுப் போட்டு நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளும் கமிட்டியில் இருக்கிறாளாம். பேச்சுவாக்கில், எங்க அக்காவைத் தடுத்தார்களே அந்த ரூல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுவா? அது அடுத்த வருஷமே எடுத்தாச்சே" என்றாள். "உங்க அக்கா மேட்டருக்கு அப்புறம்தான் லோக்கல் ஃபங்ஷனெல்லாம் கணக்குல சேர்க்க வேணாம்னு முடிவு பண்ணாங்க. உங்க வீட்டுல யாரும் சொல்லலையா?"

யார் சொன்னார்கள்? அந்தக் கமிட்டியில் பாதிப்பேர் ஞாயிறு பூசையில் எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தவர்கள். வாராவாரம் சமாதானம் என்று சொல்லி எங்களுக்குக் கைகொடுத்தவர்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அன்று சாயங்காலமே ஓசூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், குறைந்தபட்சம் சிரிப்பாள் என்றாவது நினைத்தேன்.

"அடுத்த வருஷமேவா?" என்றாள் அக்கா. "அப்ப எனக்கு ஆடற வயசு இருந்துச்சேடி."