முத்தாபுதுப்பேட்டையில் ஏது மலை?

போன சனிக்கிழமை காலையில் எனக்கு மாலை போட்டார்கள்.

பதறாதீர்கள். பெண் வீட்டுக்காரர்கள் இல்லை, ஒரு பள்ளிக்கூடம்.

ரோஜா மாலை. நல்ல கனம். உள்ளே குடியிருந்த எறும்புகளும் மரியாதையில் சேர்த்தி போலிருக்கிறது... காலர் வழியாக இறங்கி முதுகில் உலாவ ஆரம்பித்தன. மேடையில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொறிவது? எதிரே மொத்தப் பள்ளியும் வெயிலில் சப்பணம் போட்டு என்னையே பார்க்கிறது. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு என் சங்கதி தெரியும். ஐந்து நிமிஷம் ஓர் இடத்தில் அடங்கி உட்கார எனக்கு வராது. டைப்ரைட்டரைக்கூட ஜன்னல் திட்டில் வைத்து, பாதி நேரம் நின்றுகொண்டுதான் தட்டுகிறேன்.

அப்படிப்பட்டவன் எப்படி மாட்டினேன்?

ஸ்டெல்லா. என்னோடு காலேஜில் படித்தவள். இப்போது முத்தாபுதுப்பேட்டையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேராக ரயிலேறித் திருநின்றவூரில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"டேய், உன் பத்திய எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் படிக்கிறாங்க. நீ பெரிய எழுத்தாளன்னு வேற நம்புறாங்க, பாவம். ஒரு நாள் வந்து பசங்களுக்குக் கதை எழுதச் சொல்லிக்குடு. படம் போடுவானே உன் ஃப்ரெண்டு, அவனையும் கூட்டினு வா."

"திடீர்னு என்ன இலக்கியத் தொண்டு?"

"எனக்கு ஒரு பீரியட் வேணும்டா."

வாரத்தில் ஒரே ஒரு பீரியட். வெள்ளிக்கிழமை கடைசி. பிள்ளைகள் கதை விடவும், படம் கிறுக்கவும், மனசில் வந்ததைப் பேசவும். பாடத்திட்டத்தில் இல்லாத பீரியட். ஆனால் அதே பீரியடின் மேல் இன்னொருத்தருக்கும் கண் — கணக்கு வாத்தியாருக்கு. ஹெச்.எம். தீர்ப்பு சொல்லிவிட்டாராம்: "எழுத்தாளர், ஓவியர்னு யாரையாவது கூப்பிட்டு ஒரு நாள் நடத்திக் காட்டுங்க டீச்சர். நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன். நல்லா நடந்தா பீரியட் உங்களுக்கு. வந்தவங்க முன்னாடி பசங்க திருதிருன்னு முழிச்சா... கணக்குக்கு."

ஆக, அவளுடைய ஒரு வருஷத்து வெள்ளிக்கிழமைகள் எங்கள் தலையில்.

படம் போடுகிற ஃப்ரெண்டு என்பது கஜேந்திரன். இந்தப் பத்தியின் தலையில் வாராவாரம் என் மூக்கை முருங்கைக்காய் மாதிரி போடுகிறானே, அவனேதான். அம்பத்தூர்க்காரன். விஷயத்தைச் சொன்னதும் எகிறினான்.

"இஸ்கூலா? நான் எட்டாங்கிளாஸ்ல செவுரேறிக் குதிச்சி வெளிய வந்தவன் மாமே. மறுபடி கேட்டு வழியா உள்ள போவச் சொல்றியே, உனக்கே நாயமாகீதா?"

"மாலையெல்லாம் போடுவாங்கடா."

"மாலைய வெச்சி இன்னா பண்றது? ரசம் வெச்சித் துன்றதா?"

ஆனாலும் வந்தான். புதுச் சட்டை வேறு.

பத்து மணிக்கு வகுப்பு என்று பேச்சு. நாங்கள் போனபோது வாசலில் பேண்டு வாத்தியம் நின்றது. 'படைப்பாற்றல் பயிற்சிப் பட்டறை' என்று பேனர். மேடை. மைக். கடவுள் வாழ்த்து, வரவேற்பு நடனம், பொன்னாடை, மாலை, மறுபடி ஒரு பொன்னாடை. கஜா என் காதில் கிசுகிசுத்தான். "பட்டறைன்னு போட்டுக்கீறாங்க. லேத்து பட்டறைன்னு நெனச்சி வந்துட்டோம்னு சொல்லிக் கெளம்பிடலாமா?"

பிறகு பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் மைக்கைப் பிடித்தார். ஊரில் பழைய விவசாயக் குடும்பம், பள்ளிக்கு இடம் கொடுத்த குடும்பம். அவரிடமிருந்து மைக்கை யார் வாங்குவது?

"எழுத்தாளர் தம்பியப் பத்திச் சொல்லணும்னா... நான் ஒண்ணும் படிச்சதில்ல. படிச்சவங்க நல்லாக்கீதுன்றாங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்ற நம்பிக்கைல பேசறேன்..."

பக்கத்திலேயே விமானப்படை கேம்ப். அடிக்கடி தலைக்கு மேல் ஒரு விமானம். அது கத்திக்கொண்டு போகும்வரை தலைவர் கண்ணியமாகக் காத்திருப்பார். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாரா? மாட்டார். மறுபடி "மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களே" என்று முதலிலிருந்து.

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து... விமானத்துக்கெல்லாம் அசரவில்லை.

என் கால் தானாக ஆட ஆரம்பித்தது. மேஜையும் சேர்ந்து ஆடியது. கீழே நின்ற ஸ்டெல்லா முறைத்தாள். காலை நிறுத்தினேன். கை ஆடியது.

ஒருவழியாக வகுப்பறைக்குள் விட்டபோது மதியச் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. ஹெச்.எம். தூக்கம் தெளிந்து, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகக் கதைக்குள் குதித்தேன்.

"ஒரு நாள் காலைல ஆவடி ஸ்டேஷன்ல நின்னுட்டிருந்த ரயில், டிரைவர் ஏறுறதுக்குள்ள தானா கெளம்பிடுச்சு! அப்புறம் என்ன ஆச்சு? யார் சொல்றீங்க?"

அத்தனை கையும் மேலே. அடடா! எனக்குப் புல்லரித்தது. திருதிருவென்று முழிப்பார்கள் என்று யார் சொன்னது?

முன்பெஞ்சில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்து கையைக் கட்டிக்கொண்டது. பேர் செல்வி.

"அந்தக் குருவிக்கு மிகவும் தாகமாக இருந்தது ஐயா."

குருவியா?

"எந்தக் குருவிம்மா? ரயில்ல இருந்துச்சா?"

அடுத்த பெஞ்சிலிருந்து ஒரு பையன். "அது குளத்தைத் தேடிப் பறந்து சென்றது ஐயா."

அதற்கடுத்த பெஞ்ச். "ஆகவே நாம் அனைவரும் நீரைச் சேமிக்க வேண்டும் ஐயா."

உடனே மொத்த வகுப்பும் தாளம் தப்பாமல் கைதட்டியது. பின்னால் ஹெச்.எம். பரவசத்தோடு தலையாட்டினார். என் ரயில் டிரைவர் இல்லாமல் போயே போய்விட்டது... ஒருத்தராவது கவலைப்பட வேண்டுமே!

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். அது ஓடவில்லை.

அடுத்து கஜா. வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். "இஷ்டத்துக்குப் போடுங்க கண்ணுங்களா" என்றான். சொல்லி முடிக்கவில்லை, பென்சில்கள் பறந்தன. ரெண்டு முக்கோண மலை. நடுவில் பாதிச் சூரியன். அதிலிருந்து வளைந்து வரும் ஆறு. கரையில் குடிசை. ஒரு தென்னை. மேலே டிக் அடித்த மாதிரி பறவைகள். முதல் பெஞ்சிலும் அதே, கடைசி பெஞ்சிலும் அதே. கஜா ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். என்னிடம் நீட்டினான். பையன் இன்னும் தொடாத இடத்தில்கூட, லேசான பென்சில் கோட்டில், ஒரு தென்னை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

"ஒத்திகை மச்சான்" என்றான் மெல்ல. "கற்பனைக்கே ஒத்திகை பாத்துக்கீறாங்க."

ஸ்டெல்லாவை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"என்ன இது கூத்து?"

"கத்தாத. வேற என்ன செய்யச் சொல்ற? பெரியவங்க முன்னாடி வாயத் தொறக்காதன்னு சொல்லிச் சொல்லித்தானே வளத்து வெச்சிருக்கோம்? நீ வந்து 'அப்புறம் என்ன ஆச்சு'ன்னு கேட்டா ஒரே நாள்ல தொறந்துடுவாங்களா? அதான் வாரம் பூரா நானே சொல்லிக்குடுத்தேன். கதையும் நான்தான். மலையும் நான்தான்."

"சுதந்திரமா வரையட்டும்னு நீதானே பீரியட் கேட்ட?"

"அந்த பீரியட் கெடைக்கட்டும்டா மொதல்ல! உள்ள அவர் தலையாட்றாரு பாத்தியா? மணி அடிக்கிற வரைக்கும் இப்படியே ஓட்டு. கெடச்சதுக்கு அப்புறம் நெஜமாவே நடத்திக்கிறேன். கெஞ்சிக் கேக்கறேன், கம்முனு இரு."

அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. எனக்கு உள்ளே குறுகுறுத்தாலும், வாயைப் பொத்திக்கொள்ளலாம் என்றே முடிவெடுத்தேன்.

ஆனால் கஜாவிடம் யாரும் கெஞ்சவில்லையே.

நாங்கள் உள்ளே நுழையும்போது அவன் வகுப்பின் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "தோ பாருங்க. நம்ம முத்தாபுதுப்பேட்டைல மலை எங்க கீது?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பட்டாபிராமாண்ட கீதா? ஆவடியாண்ட கீதா?"

ஒரு குரல், பயந்து பயந்து. "இல்ல சார்."

"பின்ன எங்க பாத்துப் போட்டே?"

"போர்டுல சார்."

பின்னால் ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. ஹெச்.எம். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். ஸ்டெல்லா என் கையைக் கிள்ளினாள் — கிள்ளிய இடம் இன்னும் கன்றிப் போயிருக்கிறது.

கஜா எதையும் பார்க்கவில்லை. "பேப்பரத் திருப்பு. பின்பக்கம் காலியாத்தானே கீது? காலைலேர்ந்து கண்ணால இன்னா பாத்தியோ அத்தப் போடு. மலையப் பாத்திருந்தா மலையப் போடு. பாக்கலன்னா போடாத."

ஒருத்தரும் திருப்பவில்லை. யோசித்துப் பாருங்கள், ஒரு வகுப்பு முழுக்கக் கண்கள், அத்தனையும் திருதிரு. எது நடக்கக் கூடாதோ, துல்லியமாக அது. ஹெச்.எம். கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் கணக்கு வாத்தியார் சாக்பீஸ் டப்பாவோடு நடந்து போனார். எட்டிப் பார்த்தார். சிரித்தார்.

எனக்கு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது.

ஸ்டெல்லாதான் நடந்தாள். நேராகக் கரும்பலகைக்கு. ஓரத்தில், கலர் சாக்பீஸில், அவள் வாரம் பூரா வரைந்து காட்டிய மலை. டஸ்டரை எடுத்தாள். ஒரு இழுப்பு, சூரியன் போச்சு. இன்னொரு இழுப்பு, ஆறு. குடிசை, தென்னை, மலை... பலகை வெறும் கறுப்பாக நின்றது. திரும்பி, பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாள்.

"குருவியும் வேணாம். திருப்புங்கடா கண்ணுங்களா. மிஸ் திட்ட மாட்டேன்."

தாள்கள் திரும்புகிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? அத்தனையும் சேர்ந்து? மழை ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும்.

அப்புறம் என்னவெல்லாம் வந்தது தெரியுமா! ஆவடி ஃபாக்டரியிலிருந்து நீளமான டிரெய்லரில் போர்த்திக் கட்டிப் போகிற ராணுவ டாங்க், அதன் பின்னால் ஓடுகிற நாய். மைக்கை விழுங்குகிற தலைவர், அவர் தலையில் இறங்கப் பார்க்கிற விமானம். வெயிலில் மயங்கிச் சாயும் பக்கத்துப் பையன். மாலைக்குள் கையை விட்டு முதுகு சொறிகிற நான். 'சார், நீங்க சொறிஞ்சதப் பாத்தேன்' என்று வேறு சொல்லிவிட்டுப் போட்டான் ஒருத்தன்.

ஹெச்.எம். எழுந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தலைவர் படத்தில் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார். செல்வியின் பெஞ்சில் வந்து நின்றார். சிரிப்பு போய்விட்டது.

மேடை. நாற்காலி. சாய்ந்த தலை. திறந்த வாய். வாயோரம் ஒரு சொட்டு.

"யாரு இது?"

செல்வி எழுந்து கையைக் கட்டிக்கொண்டது. "நீங்க சார்."

ஸ்டெல்லா ஓடி வந்தாள். "சார், சின்னப் பொண்ணு, தெரியாம..."

அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். "நான் தூங்கலம்மா. கண்ண மூடிக்கிட்டுத் தலைவர் பேச்சக் கேட்டுட்டிருந்தேன்."

செல்வி யோசித்தது. நிஜமாகவே யோசித்தது.

"கண்ணு மூடினது தெரிஞ்சிச்சு சார், போட்டுட்டேன். கேட்டத எப்பிடிப் போடறதுன்னு தெரியல."

கஜா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. ஹெச்.எம். அந்தப் படத்தைக் கையில் எடுத்தார், தூரமாக வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசியில் ஸ்டெல்லாவிடம் கொடுத்தார்.

"தலைவர் கண்ணுல படாமப் பாத்துக்கங்க டீச்சர்."

வாசல் வரை போனவர் நின்றார். "வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் எடுத்துக்கங்க. கணக்கு சார்கிட்ட நான் பேசிக்கறேன்." ஒரு அடி வைத்து மறுபடி நின்றார். "இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் அந்த மலையே இருக்கட்டும்."

எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. கேட்டருகே வந்ததும் ஸ்டெல்லா கஜாவின் முதுகில் ஒன்று வைத்தாள். செல்லமாக இல்லை.

"பெரிய புரட்சி! நீங்க ரெண்டு பேரும் ட்ரெயினேறிப் போயிட்டிருப்பீங்க. பீரியட் போயிருந்தா வருஷம் பூரா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வராந்தால நின்னு பெருக்கல் வாய்ப்பாடு கேக்கறது யாரு? நானா, நீயா?"

"நீதான் தாயே" என்றான் கஜா. "அதான் அழிச்சது உன் கையி. நான் வெறும் வாய்தானே."

அவன் அபூர்வமாகத்தான் நிஜம் பேசுவான். ஒரு நாள் விருந்தாளிக்குத் தைரியம் ரொம்பச் சுலபம் ஐயா. திங்கட்கிழமை அதே வகுப்பில் நிற்கப்போகிறவர் எடுக்கிற டஸ்டருக்குத்தான் கனம். டீச்சர்மாரே, எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் தாராளமாகக் கூப்பிடுங்கள், வருகிறோம். மாலை வேண்டாம், மேடை வேண்டாம். ஒத்திகை வேண்டவே வேண்டாம். ஒரு உடைந்த பெஞ்ச் போதும்.

பெருந்தன்மை பொங்க ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "வர்ற வெள்ளிக்கிழமையே வந்துடட்டுமா? முதல் நாள்... ஒரு துணைக்கு?"

"வேணாம்."

"வேணாமா?"

"நீ வந்தா மறுபடி பேண்டு, பொன்னாடை, தலைவர். அதுலயே பீரியட் போயிடும். இனிமே நானும் பசங்களும் பாத்துக்கறோம். நீ கெளம்பு, ஸ்டேஷன் பஸ் வருது."

நான் எழுத ஆரம்பித்ததிலிருந்து எனக்குக் கிடைத்த உருப்படியான விமர்சனம் அது ஒன்றுதான்.