எனக்குக் காணும், அங்கிள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் கனடாவில், பிக்கரிங்கில் சொந்த வீடு வாங்கினேன். புது வீட்டுக் குடிபூரலன்று சோறு பரிமாறியபடியே, பேத்தி கணிதத்தில் தொண்ணூற்றாறு எடுத்ததை எல்லோருக்கும் சொன்னேன்.

நண்பர் செல்வத்தின் மகளும் அவளுடைய வகுப்புத்தான்.

"பிள்ளை, உமக்கு எத்தனை?"

அவள் குனிந்துகொண்டாள். செல்வம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"சொல்லுமன், என்ன வெக்கம்?" என்று அவளுக்குச் சோற்றை நீட்டினேன்.

அவள் தட்டைக் கையால் மறைத்தாள். "எனக்குக் காணும், அங்கிள்."

போதும் என்று சோற்றைச் சொன்னாளா, மார்க்ஸ் பேச்சைச் சொன்னாளா?

"காணுமெண்டால் விடுங்கோ அப்பப்பா" என்றாள் பேத்தி.

செல்வம் மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.

யாருக்கும் நோகாமல் என்னை நிறுத்தினாள் செல்வத்தின் பிள்ளை. இன்றும் பிள்ளைகளைக் கண்டால் என் வாய் துறுதுறுக்கிறது. "சுகமோ?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்வி வருமுன் அவசரமாக நகர்ந்துவிடுகிறேன்.